மேட்டு நிலத்தில் ஸ்லேஷர்: செய்முறைத் தேர்வுக்குப் போகும் தம்பிகளுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த பையன்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் சுழல் பிளேடு கருவியான ஸ்லேஷருக்கான தேர்வில் ஓட்டுவது பாதிகூட இல்லை. நான் போன தேர்வில் அதிகாரி கூர்ந்து பார்த்ததெல்லாம் எஞ்சின் ஓடாத நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான்.

முதலில் வெட்டப்போகும் நிரையை நடந்து பாருங்கள். லாலாங் புல் இடுப்பளவு நின்றால் உள்ளே கிடக்கும் செம்பனை அடிமரம், கல், கம்பி, கரை சரிந்த பாரிட் (வடிகால்) எதுவும் தெரியாது. கம்பால் குத்திப் பார்த்து, ஆபத்தான இடங்களில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுங்கள். பிளேடு அடித்த கல் 90 மீட்டர் தாண்டியும் பறக்கும். அடுத்த நிரையில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்காவை, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லி அப்புறப்படுத்தாமல் சாவியைத் தொடக்கூடாது. கல்லைத் தடுக்கும் சங்கிலிகள் எல்லாம் தொங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

எஞ்சின் விசையை ஸ்லேஷருக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டான பிடிஓ ஷாஃப்ட் பற்றி வாய்மொழியாகக் கேட்டார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று வேகம் என்றால் வினாடிக்கு 9 சுற்று. தளர்ந்த சட்டைக் கை மாட்டினால் இழுத்துக்கொள்ள யோசிக்கும் நேரம்கூட ஆகாது. மேலுறை உடைந்திருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். பிடிஓவை நிறுத்திய பிறகும் பிளேடு சிறிது நேரம் சுற்றும். ஸ்லேஷரைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சுற்றுவது முழுக்க நின்ற பிறகே கிட்டே போங்கள். அடியில் கை வைக்க வேண்டியிருந்தால் தூக்கிய ஸ்லேஷருக்குக் கட்டை முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். ஹைட்ராலிக்கை நம்பக்கூடாது.

சரிவுதான் பெரிய பகுதி. பின்னால் பாரம் தொங்குவதால் முன்சக்கரம் லேசாகிவிடும். மொத்த எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும், அதற்குத்தான் முன் எடைக்கட்டிகள். குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக வெட்டுங்கள். செங்குத்தாக இருந்தால் ரிவர்ஸில் ஏறி, நேராக இறங்குங்கள். இறங்கும் முன்பே தாழ்ந்த கியர் போட்டு, இரண்டு பிரேக் மிதியையும் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். நடுவில் கிளட்சை மிதிக்கவே கூடாது. டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ ஒன்றரை வினாடிகூட ஆகாது, குதிக்க முடியாது. காப்பாற்றுவது உருளல் தடுப்புக் கம்பியும் பெல்ட்டும்தான். இளம் செம்பனையில் மட்டை தட்டுகிறதென்று பலர் அந்தக் கம்பியை மடக்கிவிடுகிறார்கள். அப்படி மடக்கிய வண்டியைச் சரிவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பி மடங்கியிருக்கும்போது பெல்ட் போட்டால் கவிழும் வண்டியோடு கட்டிப்போட்டதாகிவிடும்.

கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: "ராத்திரி மழை. காலையில் மண்டோர் சரிவில் வெட்டச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?" மண் வழுக்குகிறதென்று முதலில் மரியாதையாகச் சொல்லுங்கள், சமதள நிரையை வெட்டித் தருவதாகக் கேளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. இதை அதிகாரியிடம் தயங்காமல் சொல்லுங்கள். நான் சொன்னபோது அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.