அந்த ஐந்து பேர் திரும்பி வந்த நவம்பர்

போன வாரம் என் சித்தி மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஓர் ஊரில் கொலை, பிடிபட்டவனை ஜீப்பில் ஏற்றுகிறார்கள், சுற்றி நிற்கும் கூட்டம் தூக்கில் போடு என்று கத்துகிறது. கீழே இவன் எழுதியிருந்தான்: "கோர்ட்டு, அப்பீலுன்னு இழுக்காம ஒரே மாசத்துல தொங்கவிட்டாத்தான் பயம் வரும்." வரிசையாகக் கைதட்டல் படங்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். ஆனால் இவன் ராமேஸ்வரம் பக்கத்திலிருக்கும் எங்கள் தங்கச்சிமடத்துப் பையன். 2014ல் அவனுக்கு ஏழு வயதுதான், அதனால் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

அந்த வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி, கொழும்பு உயர் நீதிமன்றம் எங்கள் பகுதி மீனவர்கள் ஐந்து பேருக்கு மரண தண்டனை என்று சொன்னது. 2011 நவம்பரில் கடலுக்குப் போனவர்கள். ஹெராயின் கடத்தினார்கள் என்று வழக்கு, மூன்று வருஷமாகச் சிறை. எல்லை தாண்டினார்கள் என்று பிடிப்பதும், கொஞ்ச நாளில் விடுவதும், படகை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்வதும் எங்களுக்குப் பழகிப்போன துயரம். இவர்களும் அப்படியே ஒருநாள் வந்துவிடுவார்கள் என்றுதான் இருந்தோம். டிவியில் செய்தி ஓடியபோது அப்பா வாசலில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தெருவுக்குப் போனவர் விடியற்காலையில்தான் வீடு திரும்பினார். அன்று ஊரே தெருவில்தான் நின்றது. பஸ் எரிந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். இந்தத் தீர்ப்பை நிறைவேற்றிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் என்ன கேட்பது?

அவர்கள் கடத்தவில்லை என்று ஊர் முழுக்க நம்பியது, நானும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை விட்டுவிட்டே பேசுவோம். ஒரு விசைப்படகில் யார் இருப்பார்கள்? முதலாளி கரையில் இருப்பார். டிரைவரும், பங்குக்குப் போகிற நாலைந்து பேரும்தான் கடலில். படகில் என்ன கிடைத்தாலும் பிடிபடுவது அதில் நிற்கிறவன். சரக்குக்குப் பணம் போட்டவனை நேவிக்காரன் நடுக்கடலில் பார்க்கவே போவதில்லை. இலங்கைச் சட்டத்தில் 2 கிராம் ஹெராயினுக்கு மேல் போனாலே மரண தண்டனை வரை போகலாம். 1984லிருந்து அப்படித்தான். பயம் வந்து கடத்தல் நின்றுவிட்டதா? இந்தக் கரையில் கஞ்சா மூட்டை பிடிபட்டது, வேறு பொருள் பிடிபட்டது என்று இன்றைக்கும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கும்போது, "ஒரு தடவை கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று ஒருவன் பணத்தை நீட்டினால், வாங்குகிறவன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டா வாங்குவான்? மாட்ட மாட்டோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் போகிறார்கள். மாட்டுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஐந்து வருஷ ஜெயிலுக்கே பயப்படுவார்கள்.

ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். டெல்லியிலிருந்து பேசினார்கள், இலங்கை அதிபர் ராஜபக்ச தண்டனையைத் தள்ளுபடி செய்தார், நவம்பர் 19ல் விடுதலை. தீர்ப்புக்கும் விடுதலைக்கும் நடுவே இருபது நாள். தம்பி, நீ கேட்கிற "ஒரே மாசம்" இதுதான். அந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை. அந்த வழக்கம் இல்லாமல், தீர்ப்பு வந்த வாரமே கயிற்றை எடுக்கிற நாடாக இருந்திருந்தால், பேசுவதற்கு நேரம் ஏது?

நம் நாட்டிலும் இதே கதைதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் பாக்கி இல்லை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, மூன்று பேருக்கு ஆயுள் என்றது. மீதி 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். சிறு குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள் என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். அந்த நான்கு பேரின் தூக்கும் பின்னாளில் ஆயுளாகக் குறைந்து, 2022ல் அவர்களும் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் அன்று ராஜீவோடு செத்துப்போன மற்றவர்களின் வீடுகளை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. அந்த வலிக்கு நான் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் தீர்ப்போடு முடித்திருந்தால் அந்த 19 பேரையும் சேர்த்துப் புதைத்திருப்போமே, அதற்கு யார் பதில் சொல்வது?

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2022 மே மாதம் ராமேஸ்வரம் வடகாட்டில் கடல்பாசி எடுக்கப் போன பெண்ணைக் கொன்றார்களே, அன்றைக்கு நானும் தூக்கில் போட வேண்டும் என்றுதான் சொன்னேன். என் அம்மாவும் பாசி எடுக்கப் போனவர். முட்டளவு தண்ணீரில் குனிந்து நிற்கிற அவர் முதுகுதான் அன்று முழுக்கக் கண்ணுக்குள் நின்றது. இறால் பண்ணையில் வேலை பார்த்த வடமாநிலத் தொழிலாளர்களை ஊர்க்காரர்கள் பிடித்து அடித்தார்கள். அன்று எங்கள் கையில் கயிறு இருந்திருந்தால் யார் செய்தது, யார் செய்யவில்லை என்று ஒரு நிமிஷம்கூடக் கேட்டிருக்க மாட்டோம். அந்தக் கோபத்துக்காக நான் வெட்கப்படவில்லை. செய்தவன் வெளியே வரவே கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் வேறு மொழி பேசுகிற ஊரில், கையில் காசில்லாமல், கூண்டில் நிற்கிறவனைப் பற்றி அந்த ஊர் என்ன நினைக்கும் என்பதைக் கொழும்பு எங்களுக்கு முன்பே காட்டியிருந்தது. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஏழைகள் என்று அது சொல்கிறது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அரிதினும் அரிதான வழக்கில் மட்டும்தான் தூக்கு என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எது அரிது என்று முடிவு செய்வதும் மனிதர்தானே. ஒரு நீதிபதிக்கு அரிதாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. நல்ல வக்கீல் கிடைத்தவனுடைய வழக்கு, எப்படியோ, அவ்வளவு அரிதாக இருப்பதில்லை. பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய வழக்குகள் தவிர மற்றவற்றில் மரண தண்டனையை எடுத்துவிடலாம் என்று 2015ல் மத்திய சட்ட ஆணையமே பரிந்துரைத்தது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. தண்டனைக் குறைப்பே இல்லாமல் முப்பது வருஷம், அல்லது சாகும்வரை சிறை என்று தீர்ப்பெழுத உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் வழி இருக்கிறது. அது போதாதா? தப்பு என்று பின்னால் தெரிந்தால் கதவைத் திறந்துவிடவாவது முடியும்.

இதையெல்லாம் குரூப்பில் சுருக்கமாகப் போட்டேன். தம்பி, "அக்கா, அவங்க நம்ம ஆளுங்க, அது வேற" என்றான். அந்தக் கொழும்பு வழக்கில் இலங்கைக்காரர்கள் மூன்று பேருக்கும் அதே நாள், அதே தண்டனை. அவர்களுக்காகத் தங்கச்சிமடத்தில் யாரும் தெருவுக்கு வரவில்லை. எங்கள் ஐந்து பேர் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று கண்ணீரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்தான் நானும். மீதி மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று அன்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.