14 கன்று, 14 பானை: கேப்பர் மலையில் ஒரு மாசி

கேப்பர் மலைக்குப் போகிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று கேட்பார்கள். கடலூர் ஆட்டோக்காரர்கள் "ஜெயில் பக்கமாம்மா?" என்பார்கள். 1918-இல் பாரதியார் அடைபட்டிருந்த சிறை இருக்கும் அதே மேடுதான். மலை என்பது பெயருக்கு. செம்மண்ணும் சரளையுமாகக் கொஞ்சம் உயர்ந்து, மழைத் தண்ணீர் அரித்த ஓடைகளோடு கிடக்கும் நிலம். தார்ச்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் அப்பாவின் முந்திரித் தோப்பும் ஒரு ஓட்டு வீடும் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் அடித்து ஓய்ந்தபோது நாற்பது மரத்தில் ஆறுதான் நின்றது. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

போன கார்த்திகையில் நான் 14 ஒட்டுக் கன்று வைத்தேன். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகம், 7 மீட்டர் இடைவெளி. மழை இருந்தவரை கவலை இல்லை. தை பிறந்ததும் மண் காய ஆரம்பித்தது. மாசி முழுக்க விடுப்பு போட்டுத் தோப்பிலேயே தங்கி, பானைப் பாசனம் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. பக்கத்துத் தோப்பு ஆயா ராத்திரி துணைக்கு வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

மாசி 2

பண்ருட்டிப் பக்கத்துச் சூளையில் 16 பானை வாங்கினேன், ஒவ்வொன்றும் சுமார் 8 லிட்டர் பிடிக்கும். பூச்சு எதுவும் இல்லாத வெறும் மண்பானையாக இருக்க வேண்டும். கழுத்துவரை புதைத்து நிரப்பிவிட்டால், சுற்றி உள்ள மண் காயக் காய, பானை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் கசிவும் குறைந்துவிடும்.

எல்லாப் பானையும் ஒரே மாதிரி கசியாது என்று விற்றவரே சொன்னார். "நல்லா வெந்த பானை தண்ணி விடாதும்மா, தட்டிப் பாத்து வாங்கு." தட்டிப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிழலில் வரிசையாக வைத்து நிரப்பி, கரியால் மட்டம் குறித்துவிட்டுப் படுத்தேன். காலையில் பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. ஒன்று அப்படியே இருந்தது. ஒன்று பாதி காலி, அடியில் மயிரிழை விரிசல். அந்த இரண்டையும் ஒதுக்கியதும் கணக்கு சரியாக 14.

மாசி 6

புதைக்க மூன்று நாள் ஆனது. சரளையில் கடப்பாரை போட்டால் கை அதிர்கிறதே தவிர மண் பெயரவில்லை. கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோண்ட நினைத்திருந்தேன். ஐந்தாவது கன்றில் அவசரப்பட்டு ஒட்டித் தோண்டியதில் வேர் அறுந்தது. சாயங்காலமே இலை தொங்கிவிட்டது.

ஆயா வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். "செடிக்கு ஊத்துறத பானைக்கு ஊத்துறியே பொண்ணே, அதுக்கா தாகம்?"

மாசி 11

இப்போது ஒரு நாள் இப்படிப் போகிறது. ஐந்து மணிக்கு ஓட்டிலிருந்து சொட்டும் சத்தத்தில் விழிப்பு வரும். மழை இல்லை, பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. விறகு ஈரமாக இருப்பதால் காபிக்கே அரை மணி நேரம். அப்புறம் தண்ணீர். எங்களிடம் போர்வெல் கிடையாது. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாமா, மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடுவார். அந்த நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். ராத்திரி பதினொன்றரைக்கு வந்த நாளும் உண்டு. எக்ஸெல் மொபெட்டில் ஒரு நடைக்கு மூன்று கேன், 60 லிட்டர்.

முன்பு கன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் மேலாக ஊற்றுவேன். இந்த மண்ணில் அது போன இடம் தெரியாது. பானைகளுக்கு முதல் நிரப்பல் இரண்டு நடை. மறுநாளே பாதிக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துப் பயந்துபோனேன். காய்ந்த மண் முதலில் அப்படித்தான் குடிக்கும் போல. மூன்றாவது நிரப்பலுக்குப் பிறகு நாலு நாள் தாங்குகிறது. போர்த் தண்ணீரில் செம்மண் வண்டல் வருவதால் பழைய வேட்டியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். வண்டல் படிந்தால் பானையின் கண் அடைந்துவிடும்.

மூடி வாங்காதது என் முட்டாள்தனம். இரண்டே நாளில் ஒரு பானைக்குள் தவளை, இன்னொன்றில் கொசுப்புழு. மூன்றாவதில் ஆயாவின் ஆடு வாய் வைத்துக்கொண்டிருந்தது. உடைந்த ஓட்டுச் சில்லைத் தேடித் தேடி எல்லாவற்றையும் மூடினேன்.

மாசி மகம்

ஆயா தேவனாம்பட்டினம் போய்விட்டார். அங்கே சாமிகள் எல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரி வரும். மகள் வீட்டில் தங்கிக் காலையில்தான் வருவாராம். நானும் போயிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து நிரப்பும் முறை.

முதல் முறையாகத் தனியாக ஒரு ராத்திரி. நிலா வெளிச்சத்தில் செம்மண் வெளுத்துத் தெரிந்தது. பழைய மரங்களில் முதல் பழங்கள் பழுத்திருந்ததால் வௌவால்கள் வந்து போய்க்கொண்டே இருந்தன. ஓட்டின் மேல் எதுவோ டொக்கென்று விழும், உருளும், நிற்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் பார்த்தால் வீட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஏழெட்டு முந்திரிக்கொட்டை. பழத்தைத் தூக்கிவந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கின்றன. ஆயாவிடம் சொன்னதற்கு, அதைப் பொறுக்கத்தான் தினமும் விடியுமுன் என் வாசலில் குனிந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். நான் கூட்டிப் பெருக்குகிறார் என்று நினைத்து நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்!

மாசி 24

கொட்டை இரண்டு படி சேர்ந்தது. தானாக விழுந்ததை மட்டும் எடுத்து, திருகிப் பிரித்து, மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன். குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்க வேண்டும். பழத்தை உப்புத் தொட்டுத் தின்றும் தொண்டை கரகரத்தது.

சுட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. ஓட்டை போட்ட தகரத்தில் கொட்டையைப் போட்டுச் சுள்ளி வைத்து எரித்தேன். தோட்டிலிருந்து எண்ணெய் ஒழுகித் திடீரென்று தீ ஆளுயரத்துக்கு எழும்பியது. மண்ணை வாரிப் போட்டு அணைத்தேன். ஆயா வரும்வரை பொறுக்காமல் கல்லால் உடைக்க உட்கார்ந்ததுதான் தப்பு. தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், நான் கையில் சாம்பல்கூடப் பூசிக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்தது. பருப்பு பாதி கரி. மீதிப் பாதி, சூட்டோடு தின்றபோது, இதுவரை கடையில் வாங்கியதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. அதற்காக இன்னொரு முறை செய்வேனா என்றால், கையுறை இல்லாமல் மாட்டேன்.

விரல் இப்படி இருக்க, கேன் தூக்கிய அந்த வாரம்தான் இருப்பதிலேயே மோசம். அதுவும் முகூர்த்த நாள். மருந்து வாங்க டவுனுக்குப் போகலாம் என்றால் ஒரு ஆட்டோ கூடக் கிடைக்கவில்லை, எல்லாம் திருவந்திபுரம் கோயில் கல்யாணங்களுக்குப் போய்விட்டன.

பங்குனி 2

நாளை கிளம்புகிறேன். 14 கன்றில் 12 உயிரோடு இருக்கின்றன. வேர் அறுந்தது போய்விட்டது. இன்னொன்று ஒட்டுக்குக் கீழே துளிர்த்ததை நான் கிள்ளாமல் விட்டதால் மேலே காய்ந்து, அடிக்கன்று மட்டும் செழிப்பாக நிற்கிறது. அதை உயிர் என்று கணக்கில் எடுக்கவில்லை. ஒன்பதில் செந்நிறத் தளிர் வந்தது. அதிலும் இரண்டின் நுனி தீய்ந்தாற்போல் கறுத்தது, தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சிப் பூச்சியின் வேலை. முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும் பழைய மரத்தில் அந்தப் பூச்சித் தொல்லை தெரியவில்லை. கூட்டை ஒடித்துக் கன்றுப் பக்கம் கொண்டுவந்து பார்த்தேன். கடிபட்டது மிச்சம், எறும்பெல்லாம் மறுநாளே பழைய இடத்துக்குப் போய்விட்டது.

பானையை ஒட்டிக் கையால் தோண்டிப் பார்த்தேன். மேலே நாலு விரல் புழுதி, அதற்குக் கீழே பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம். வாரத்துக்கு இரண்டு நிரப்பல், அதாவது நாலு நடை போதும் என்று மாமாவின் பையனிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவனிடம் எக்ஸெல் சாவியும் வேட்டியும் கொடுத்தாயிற்று. சித்திரை வெயிலில் இடைவெளியை மூன்று நாளாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஒதுக்கி வைத்த அந்த விரிசல் பானையைக் காணோம் என்று சாயங்காலம் தேடினேன். ஆயா வீட்டுத் திண்ணையில் வைக்கோல் போட்டுச் சாய்த்து வைத்திருந்தார், உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.