அக்கா மகள் சென்னைக்குக் கார் ஓட்டிப் போகிறாள்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. நல்ல நாள், இன்றைக்கே தொடங்கிவிடு என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் பெருங்குடியில், தங்கப்போவது வேளச்சேரியில். அங்கே ஓட்டுவதற்கென்று தேவகோட்டையில் ஒரு பழைய ஆல்ட்டோ பார்த்து வாங்கினோம். கல்லூரியில் படிக்கும்போதே லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

நான் சென்னையில் பதினான்கு வருடம் வண்டி ஓட்டியவன். கொஞ்ச காலம் ஒரு வீட்டில் மாதச் சம்பளத்துக்கு, மற்றபடி கூப்பிட்ட நாளுக்கு மட்டும் போகும் ஆக்டிங் டிரைவராக. இப்போது காரைக்குடியில் வாடகைக் கார் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஐந்து வாரத்தில் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். நடப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் வருடா வருடம் சென்னைக்குப் போகிறார்கள், யாருக்காவது உதவும்.

காலை ஆறு மணிக்குக் கானாடுகாத்தான் போனோம். வண்டி பழக இதைவிட நல்ல இடம் நம் பக்கம் கிடையாது. நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்கள். வீடுகள் இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டு கிடக்கின்றன. பல வீடுகள் பூட்டியே இருக்கின்றன. எட்டு மணி வரைக்கும் எதிரே வந்தது ஒரு பால்காரரும் இரண்டு மாடுகளும்தான்.

அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. மதில்கள் உயரம், குறுக்குத் தெருவில் என்ன வருகிறது என்று தெரியாது. யார் வரப்போகிறார்கள் என்று அவள் நிற்காமலே முக்கைத் தாண்டினாள். மூன்றாவது முறை ஓரம் கட்டச் சொன்னேன். "ஆத்தா, ஆளில்லாத இடத்தில் நின்று பழகு. அப்போதுதான் கூட்டத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும்" என்றேன். "சரி மாமா" என்றாள். அப்புறம் ஒவ்வொரு முக்கிலும் நின்றாள். திரும்பி வரும்வரை நான் எதுவும் பேசவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண்மாய்க் கரை ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச். ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டி இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். ஒன்பது தடவை ஆஃப் ஆனது. பத்தாவது தடவை ஏறியது. சென்னையில் மேம்பாலத்து ஏற்றத்தில் வரிசையாக நிற்கும்போது, பின்னால் ஒரு சாண் தள்ளித்தான் பைக் நிற்கும். இது கைவராமல் சென்னைக்கு வண்டியே கிடையாது என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் இதேதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம். கடைத்தெருக் கூட்டம், தள்ளுவண்டி, குறுக்கே ஓடும் பிள்ளைகள் எல்லாம் உண்டு. நன்றாகவே ஓட்டினாள். ஆனால் எப்படி ஓட்டினாள் என்பதைக் கவனித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க", "ஆச்சி, நீங்க போங்க" என்று வழி நெடுகப் பேசினாள். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். இன்னார் மகள் என்று பாதிப் பேருக்குத் தெரியும்.

இதைத்தான் அவளிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நம் ஊரில் வண்டி ஓட்டுவதில் பாதி பேச்சு, முகம் பார்ப்பது. சென்னையில் நம் முகம் யாருக்கும் தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத் தெரிவது பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் மட்டும்தான். நீ என்ன செய்யப்போகிறாய் என்பதை அவை முன்கூட்டியே சொல்ல வேண்டும். திரும்பும் இடத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மின்கம்பம் இருக்கும்போதே இண்டிகேட்டர் போடு, கண்ணாடி பார், மெல்ல அந்தப் பக்கம் ஒதுங்கு, மறுபடி கண்ணாடி பார், அப்புறம் திரும்பு. இடப்பக்கம் திரும்பும்போது இடது கண்ணாடியை இரண்டு தடவை பார். அங்கே காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் கிடைத்தாலும் பைக் நுழைந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், என்னைத் தாண்டிப் போ என்றும் அர்த்தம் இருக்கலாம், நான் வலப்பக்கம் வரப்போகிறேன் என்றும் இருக்கலாம். எது என்று நிச்சயமாகும் வரை பின்னாலேயே போ. எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் 'நீ வா' என்று எடுத்துக்கொள்ளாதே. நான் வருகிறேன், நில் என்பதுதான் அது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெளியே போகவில்லை. அக்கா வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து கத்திப்பாராவைச் சொல்லிக்கொடுத்தேன். தரையில் ஆத்தங்குடிக் கல். நாலு இதழ் பூப்போட்ட கல் ஒன்று நடுவில் இருக்கிறது. அதிலேயே விரலை வைத்துக் காட்டினேன். கத்திப்பாரா மேம்பாலம் 2008இல் திறந்தது, இந்தப் பூவைப் போலத்தான் இருக்கும். அண்ணா சாலை, தாம்பரம் போகும் ஜிஎஸ்டி சாலை, கோயம்பேடு போகும் நூறடி சாலை, பூந்தமல்லி சாலை நான்கும் அங்கே சேர்கின்றன. இடப்பக்கம் போகிறவனுக்குச் சிக்கல் இல்லை. வலப்பக்கம் உள்ள சாலைக்குப் போக வேண்டியவன் வலப்பக்கம் திரும்பக் கூடாது. முதலில் நேரே போய்ப் பாலத்தைத் தாண்டி, அப்புறம் இடப்பக்க இதழில் நுழைந்து சுற்றி வர வேண்டும். புதிதாக வருகிறவன் வலது ஓரத்திலேயே நின்று தவிப்பது இதனால்தான். மேலே பாலம், கீழே சாலை என்று இரண்டு அடுக்கு இருப்பதால், போனில் மேப் சொல்வதும் அங்கே சில நேரம் குழப்பிவிடும். அம்பு போட்ட பச்சைப் பலகையை நம்பு என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அவளிடம் மறைக்க வேண்டாம் என்று அதையும் சொன்னேன்.

2011ஆம் வருடம். கிண்டியிலிருந்து வடபழனி போக வேண்டும். பேச்சில் கவனம் போய் அந்த இதழை ஒரு கார் நீளம் தாண்டிவிட்டேன். நேரே மீனம்பாக்கம் பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கலாம். கூடப் போனால் கால்மணி நேரம் ஆகியிருக்கும். நான் அப்படிச் செய்யாமல் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் ஸ்கூட்டரில் வந்த அம்மா விலகப் பார்த்து விழுந்துவிட்டார். முன்னால் நின்றுகொண்டு வந்த பையனுக்கு நெற்றியில் நான்கு தையல். மருத்துவமனையில் அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை, பையனை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு அந்தப் பையன் முகம்தான்.

"திருப்பத்தை விட்டுவிட்டால் விட்டுவிடு ஆத்தா. அடுத்த யு-டர்ன் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. வேலைக்குத் தாமதமாகப் போ. எனக்குப் போன் செய், உன் ஆபீசில் நான் பேசுகிறேன்" என்றேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் இப்ப காலேஜ் முடிச்சிருப்பான்ல மாமா" என்றாள். ஆமாம், அந்த வயதுதான் இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி. சதுர்த்தித் திருவிழா நடப்பதால் நான் வேண்டுமென்றே இந்த நாளாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். பஸ்கள் நடுரோட்டில் நின்று ஆளை இறக்கின. அதற்குத்தான் வந்தோம். நின்ற பஸ்ஸுக்கு இடப்பக்கம் சந்து கிடைத்தாலும் நுழையக் கூடாது, இறங்குகிறவர் கால் நேரே நம் வண்டிக்கு முன்னால்தான் வரும். வலப்பக்கம் தாண்டினாலும் பஸ் மூக்குக்கு முன்னாலிருந்து ஒருவர் ஓடிவருவார் என்றே வைத்துக்கொள். சென்னை மாநகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இதே பாடம்தான். ஷேர் ஆட்டோ யார் கை காட்டினாலும் அந்த நொடியே நிற்கும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே.

கூட்டத்தில் ஒரு தடவை பயந்துபோய்த் தொடர்ந்து ஹாரன் அடித்தாள். அடித்து என்ன ஆகப்போகிறது, அவர்கள் போக இடம் இருந்தால் போயிருக்க மாட்டார்களா? கையை எடுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காகிதம் பார்த்தோம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ், ஃபாஸ்டேக். ஆர்சியில் அவள் போன் எண்ணைச் சேர்த்தாயிற்று. கேமரா பிடித்து அபராதம் போட்டால் அந்த எண்ணுக்குத்தான் வரும். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று வேகக் கட்டுப்பாடு. சிக்னலில் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், கோட்டின் மேல் இல்லை. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லை, உள்ளே இருப்பது நம் வீட்டு ஆளாக இருக்கலாம் என்று அக்கா குறுக்கே புகுந்து சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.

செப்டம்பர் 6, சனி

நேற்று மிலாது நபி விடுமுறை. நாளை மாலை ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் சென்னைக்குத் திரும்புவார்கள், ஜிஎஸ்டி சாலை நகராது. அதனால் இன்றே கிளம்பினோம். விடியற்காலை நான்கு மணி. அக்கா வாசலில் தேங்காய் உடைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருமயம், புதுக்கோட்டை, திருச்சி வரை நான். அப்புறம் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வரை அவள். நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு அலுப்போடு சென்னைக்குள் நுழையக் கூடாது. விழுப்புரம் தாண்டிச் சாப்பிட்டுவிட்டு, மரத்தடியில் முக்கால் மணி நேரம் தூங்க வைத்தேன். பிறகு மறுபடி அவளே ஓட்டினாள்.

செங்கல்பட்டு தாண்டியதும் சாலையின் குணம் மாறுவது தெரிந்தது. கூடுவாஞ்சேரி, பிறகு வண்டலூருக்கு முன்னால் கிளாம்பாக்கம். 2023 கடைசியில் அங்கே பேருந்து நிலையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்துப் பஸ்கள் அங்கே திரும்பி நுழைகின்றன. அவள் தோள் இறுகிவிட்டது. நான் ரேடியோவை அணைத்தேன், வேறெதுவும் செய்யவில்லை. பல்லாவரத்தில் ரேடியல் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். குரோம்பேட்டையிலேயே இண்டிகேட்டர் போட்டு ஒவ்வொரு தடமாக ஒதுங்கினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். மூன்று மணிக்கு வேளச்சேரி.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஞாயிறு காலை வெறிச்சென்று இருக்கும்போதே வேளச்சேரியிலிருந்து தரமணி லிங்க் ரோடு வழியாகப் பெருங்குடி ஆபீஸ் வரை மூன்று தடவை போய் வந்தோம். முதல் தடவை நான் வழி சொன்னேன், இரண்டாவது தடவை பேசவில்லை, மூன்றாவது தடவை பின்சீட்டில் உட்கார்ந்தேன். புதிய ஊருக்குப் போகிற எல்லாரும் வேலைக்குச் சேரும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பேன். ஒரு வழி மனப்பாடமாகிவிட்டால் கண் சாலையில் இருக்கும், போனில் இருக்காது.

ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை. தகரத் தடுப்பு வைத்து சாலையைக் குறுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு யு-டர்ன் இருந்த இடம் அடுத்த வாரம் மூடியிருக்கும், மேப்புக்கு அது உடனே தெரியாது. தடுப்பு ஓரத்தில் இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில் யாரையும் தாண்டாதே. தண்ணி லாரிக்குப் பக்கவாட்டில் போகவே போகாதே. அந்தப் பக்கம் நாள் முழுக்க ஓடுகின்றன, ஓட்டுகிறவருக்கு இடப்பக்கத்தில் பெரும் பகுதி தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லையென்றால், உன்னை அவருக்கும் தெரியவில்லை.

இரவு ரயிலில் கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு வாரமாகத் தினமும் ஒரு போன். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு நாள் யு-டர்னைத் தவறவிட்டு நெடுந்தூரம் போய்த் திரும்பி வந்ததாகச் சொன்னாள். "நேரே போயிட்டேன் மாமா" என்றாள். நான் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்து நின்றேன்.

நேற்று மாலை அங்கே ஒரு மணி நேர மழையாம். தோழியைப் பார்க்க மாம்பலம் பக்கம் போனவள், ரயில் பாதைக்குக் கீழே போகும் ஒரு சப்வே முன்னால் நின்று போன் செய்தாள். தண்ணீர் நிற்கிறது, முன்னால் ஒரு பஸ் போகிறது, அதன் பின்னாலேயே போகலாமா என்று கேட்டாள். திரும்பு என்று கத்தியே விட்டேன். ஐந்து வாரம் எல்லாம் சொன்னவன் மழையை மறந்துவிட்டேன்!

பஸ்ஸுக்குக் காற்று இழுக்கும் குழாய் உயரத்தில், சின்னக் காருக்கு பானட்டுக்குள் தாழ்வாக இருக்கும். பஸ் எழுப்பும் அலையே அதில் ஏறிவிடும். தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விட்டால் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். மழைக்கு துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே, கணேசபுரம் சப்வே எல்லாம் நிரம்பும். அந்த நாட்களில் பாலத்து வழி சுற்றிப் போக வேண்டும்.

அவள் இருப்பது வேளச்சேரி. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் நின்றது. பெருமழை என்று அறிவிப்பு வந்தால் அந்தப் பகுதிக்காரர்கள் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். அவள் கார் நிற்பதோ தரைத்தளத்தில், தெருவைவிடத் தாழ்வாக. அன்றைக்கு நானும் பார்த்தேன், தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்தால் அடைமழை. அதற்கு முன் வருகிற சனிக்கிழமைக்குப் பல்லவன் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். அவள் வீட்டிலிருந்து மேம்பாலத்துக்குத் தண்ணீர் நிற்காத தெருவாக எது போகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, இருவருமாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.