தேரி மணலில் மூன்றாவது ஞாயிறு

இட்டமொழிப் பக்கம் நண்பனின் பெரியப்பாவுக்கு ஒரு பனைவிளை இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் விளைவரை ஒன்றரை கிலோமீட்டர் வண்டித்தடம், முழுக்கத் தேரிச் செம்மணல். நாலு வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஓட்டிப் பழக அருமையான இடம். பாறை கிடையாது, மாட்டினால் மணலில்தான் மாட்டுவோம். களக்காடு மலைப்பக்கம் போய்ப் பழகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது புலிகள் காப்பகம், அந்த ஆசையே வேண்டாம்.

முதல் ஞாயிறு, ரோட்டில் ஓடிய அதே 30 பிஎஸ்ஐ காற்றோடு இறங்கி நூறு அடியில் நின்றேன். அடுத்த வாரம் 22, பாதி வழி. இந்த முறை 18. காற்று குறைந்ததும் டயர் சப்பையாகி மணலில் நீளமாகப் படிகிறது. எடை பரவுவதால் சக்கரம் புதையாமல் போகிறது.

காலை 6 மணிக்கே இறங்கினோம், மணல் குளிர்ந்து கொஞ்சம் இறுகியிருந்தது. ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டு இரண்டாம் கியரில் சீராகப் போனேன். முக்கால்வாசி தாண்டியதும் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வர, பிரேக்கை அழுத்திவிட்டேன். அங்கேதான் தப்பு. நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் மணல் அணை கட்டியதுபோல் குவிந்துவிட்டது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, பின்சக்கரம் சுழன்று செம்மணல் பீய்ச்சியது.

"மிதிக்காதீங்க தம்பி! மிதிக்க மிதிக்கக் கீழதான் போவும்!"

பனை உச்சியிலிருந்து குரல். பதநீர் இறக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி இறங்கி வந்தார். கீழே கிடந்த பச்சைமட்டையை நான் எடுக்கப்போனதும் தடுத்தார். "கருக்கு டயரக் கீறிரும். காவோலையப் போடுங்க." மட்டையின் இரு ஓரமும் ரம்பப் பல்போல இருப்பதை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணலை வாரிச் சரிவாக்கி, காய்ந்த ஓலையை அடியில் செருகினோம். ஃபோர் லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) இரண்டாம் கியர், கிளட்சை மெல்ல விட்டேன். ஓலை நொறுங்கும் சத்தம், ஒரு குலுக்கல், வண்டி ஏறிவிட்டது!

விளையில் அண்ணாச்சி பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்த பதநீரைக் குடித்தோம். திரும்பும்போது பிரேக்கையே தொடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், மணலே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. அதுவும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்தினேன், மறுபடி கிளம்ப லேசாக இருக்கும். ரோடு வந்ததும் டூ வீல் டிரைவுக்கு மாற்றி, கம்ப்ரஸரால் நான்கு டயருக்கும் 30 ஏற்றிவிட்டுத்தான் திசையன்விளைக்குக் கிளம்பினோம்.

அடுத்த ஞாயிறு விளைக்குப் பின்னாலிருக்கும் சின்ன மேடு. காவோலை ஒரு கட்டு வண்டியிலேயே கிடக்கிறது.