பழைய ஸ்கோப்பில் 5642 வால்வுக்குப் பதில் என்ன போடுவது?

டெக்ட்ரோனிக்ஸ் 545 போன்ற 1950களின் ஒசிலோஸ்கோப்பை, அதாவது மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவியைத் திறந்தவர்களுக்கு 5642 தெரிந்திருக்கும். சின்னக் கண்ணாடி வால்வு (வெற்றிடக் குழாய்), சொக்கெட் கிடையாது, கம்பியோடு நேராகவே சோல்டர் பண்ணியிருப்பார்கள். பிக்சர் டியூப்புக்கான 10,000 வோல்ட் உருவாகும் இடத்தில் இதுதான் ரெக்டிஃபயர், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது. இது போனால் திரை இருட்டு.

அதே வால்வைத் தேடிப் பிடித்துப் போடுவதுதான் முறை என்று சிலர் சொல்வார்கள். நான் சிலிக்கன் டயோட்தான் போடுவேன், காரணம் ட்ரான்ஸ்போமர். ஒவ்வொரு 5642இன் ஃபிலமென்டும் (உள்ளே சூடேறும் இழை) 1.25 வோல்ட்டில் 0.2 அம்பியர் இழுக்கிறது, அதாவது கால் வொட், அதையும் அதே ஹைவோல்டேஜ் ட்ரான்ஸ்போமர்தான் கொடுக்க வேண்டும். வயசு போன அந்தச் சுருள்கள் சூடேற ஏற வலுவிழந்து, படம் மங்கிக்கொண்டே போகும் கதை பலருக்குத் தெரியும். வால்வை எடுத்துவிட்டால் அந்தச் சுமை குறைகிறது. வால்வு இன்னும் தேடினால் அகப்படும், நல்ல ட்ரான்ஸ்போமர் அகப்படாது.

சரி, எந்த டயோட்? கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் மைக்ரோவேவ் அவனுக்கான டயோட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள், “12,000 வோல்ட் தாங்கும் தம்பி, கொண்டு போங்க” என்பார்கள். தாங்கும்தான், ஆனால் அது நம் வீட்டு 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்குச் செய்தது. இங்கே ட்ரான்ஸ்போமரை ஓட்டும் ஒசிலேட்டரின் கரண்ட் செக்கனுக்குச் சுமார் 60,000 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது, மெதுவான டயோட் ஒவ்வொரு தடவையும் மூட நேரம் எடுத்து, பின்னோக்கிக் கரண்ட் விட்டு, அதிலேயே சூடாகும். 2சிஎல்2எஃப்எம் போன்ற ஃபாஸ்ட் ரிகவரி வகைதான் வேண்டும்.

டயோட்டின் கோடு போட்ட முனை ஃபிலமென்ட் பக்கம். மிச்சமாகும் ஃபிலமென்ட் சுருளின் ஒரு முனை டயோட்டோடு இருக்கட்டும், மற்ற முனையைத் தனியாக மடித்து இன்சுலேட் பண்ணுங்கள், அதுவும் ஆயிரக்கணக்கான வோல்ட்டில்தான் இருக்கிறது. சோல்டர் முத்து மாதிரி உருண்டையாக நிற்க வேண்டும், கம்பி நுனி ஒன்று ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தால் கொழும்பின் உப்புக் காற்றில் அங்கிருந்துதான் சீறத் தொடங்கும். வெள்ளவத்தைப் பக்கம் கடலோர வீடுகளில் இருந்து வரும் பெட்டிகளில் பாகங்களைச் சோல்டர் பண்ணியிருக்கும் பீங்கான் பட்டிகளையும் அல்கஹோலால் துடைத்துவிடுங்கள். கை வைக்குமுன் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருக்கும் சார்ஜை ரெசிஸ்டர் வழியாக வடித்துவிடுவதை மறக்கவே வேண்டாம்.

வால்வு போல மெதுவாகச் சூடேறாமல் டயோட் உடனே வேலை செய்யுமே என்று பயப்படத் தேவையில்லை, ஒசிலேட்டரே வால்வு என்பதால் அது சூடேறிய பிறகுதான் ஹைவோல்டேஜ் எழும். அப்புறம் ஹைவோல்டேஜ் ப்ரோப் வைத்து பிக்சர் டியூப்பின் கதோட்டை (எதிர்மின் முனை) -1350 வோல்ட்டுக்குச் சரி செய்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளவுங்கள். அப்போதும் இறங்கினால் முதலில் ட்ரான்ஸ்போமரைத்தான் சந்தேகப்படுங்கள்.