தாத்தா கட்டிய கயிறு

தாத்தா போய் நாற்பது நாள் ஆகிறது. துணிமணி, கேன்டீன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டோம். திண்ணைத் தூணிலிருந்து கிணற்றடி வரைக்கும் அவர் கட்டிய வெள்ளை நைலான் கயிற்றை மட்டும் யாரும் தொடவில்லை.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். வீட்டைச் சுற்றிப் பெங்களூரா மாந்தோப்பு. 1966இல், பத்தொன்பது வயதில், பஸ் ஏறிப் போய் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்கிற பட்டாளப் பிரிவில் தாத்தா சேர்ந்தார். அங்கே சிப்பாய்களைத் ‘தம்பி’ என்றுதான் சொல்வார்கள், அதனால் எழுபது வயதுக்கு மேலும் பழைய கூட்டாளி யாராவது வீட்டுக்கு வந்தால் ரெண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் தம்பி தம்பி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது, இதுதான் அவர் வேலை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். சண்டைக் கதை சொல்லுகிற ஆள் இல்லை. ஒரே ஒரு தடவை, தோப்பில் குடைக் கம்பி ஒன்றை மண்ணில் விட்டுக் காட்டினார். “நேரா குத்தக் கூடாதுடா, சாய்ச்சுதான் விடணும். வெடிக்கு உச்சந்தலையிலதான் உசிரு, விலாவைத் தொட்டா ஒண்ணும் பண்ணாது.” அப்படி இருட்டில் மண்ணைக் குத்திக் குத்திப் போய், எடுத்து முடித்த வழிக்கு வெள்ளை நாடா கட்டுவார்களாம், பின்னால் வருகிறவனுக்கு அந்த நாடாதான் கண். பசந்தரில் முழுக்க எடுத்து முடிக்கும் முன்பே டேங்குகள் உள்ளே போக வேண்டியதாகிவிட்டது. மறுநாள் அங்கேதான் டேங்க் படை அதிகாரி அருண் கேத்தர்பால் சண்டையில் இறந்தார். “இருபத்தோரு வயசு பையன்” என்பார் தாத்தா, அப்புறம் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்.

1973இல் எங்கள் ஆயாவை, அதாவது பாட்டியை, கல்யாணம் பண்ணிக்கொண்டார். 1984இல் பட்டாளத்தை விட்டு வருகிற வரைக்கும் வருசத்துக்கு ஒரு லீவு, அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளையும் தோப்பையும் ஆயா ஒருத்தர்தான் பார்த்தார், குடிதண்ணீரும் அவரே சுமந்தார். வந்த நாளிலிருந்து தாத்தா அந்தக் குடத்தை ஆயா கையில் கொடுக்கவே இல்லை. ஊரில் சிரித்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பது வருசம் முன்னால் ஆயாவுக்குக் கண் அழுத்த நோய். தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ரெண்டு கண்ணும் போய்விட்டது. திரும்பி வந்த வாரமே தாத்தா கயிறு கட்டினார். ஒற்றை முடிச்சு வந்தால் படி, இரட்டை முடிச்சு வந்தால் திரும்பணும். தினமும் விடியக்காலம் நாலரைக்கு எழுந்து, ஆயா எழும் முன்பு, கைத்தடியால் தட்டிக்கொண்டே அந்த வழி முழுக்க நடப்பார். கல், மாங்கொட்டை, ஆடு கட்டின கயிறு, எங்கள் சைக்கிள், எது கிடந்தாலும் எடுத்துவிடுவார். காய்ச்சல் அடித்த நாளிலும் நடந்தார். அவர் உள்ளே போன பிறகுதான் ஆயா திண்ணையை விட்டு இறங்குவார்.

நேற்று விடியலில் அந்த வழியை நான் நடந்து பார்த்தேன். ஒரு மாங்கொட்டை கிடந்தது, எடுத்துத் தோப்புப் பக்கம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆயா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், இரட்டை முடிச்சில் விரலை வைத்தபடியே நின்றார், அப்புறம் திரும்பிக் கிணற்றடிக்குப் போனார்.