உப்பா, அணையா?

பிப்ரவரி 12, 2024, திங்கள்

இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு. திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்கிற ஊராக இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். இவை பையனின் நிபந்தனைகள். எனக்கு ஆலைகள் உள்ள ஊர் பிடிக்கும். புகைபோக்கி தெரிகிற ஊரில் டீ நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. கழித்துக் கழித்து இரண்டு ஊர் மிஞ்சின: மேற்கே மேட்டூர், கிழக்கே வேதாரண்யம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மேட்டூரில் மச்சான் வேலை பார்க்கிறார். என் மனைவி போன் போட்டதும் அவருக்கு உற்சாகம். "மாப்ள, இப்ப வந்தாத்தான் நந்தியை முழுசாப் பார்க்கலாம்!" அணை நிறைந்தால் 120 அடி, இப்போது 70க்கும் கீழே. 1934இல் அணை திறந்தபோது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிப்போன ஊர்களின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீர் வற்றும்போது வெளியே வரும். பரிசலில் போகலாம், அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுவல் சாப்பிடலாம். நாக்கில் எச்சில் ஊறியது, உண்மை.

பிப்ரவரி 15, வியாழன்

வேதாரண்யத்தின் பழைய பெயரான திருமறைக்காட்டில் அப்பர் பாடிக் கோயில் கதவு திறந்தது, சம்பந்தர் பாடி அடைத்தது. எங்கள் வீட்டில் மூன்று நாளாக அதே கதைதான். நான் வேதாரண்யம் என்று திறந்தால், "அண்ணன் என்ன நினைப்பாரு?" என்று இவள் அடைக்கிறாள்.

என் வாதத்தின் பலம் ராஜாஜி. 1930 ஏப்ரல் 13 அன்று இதே திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே போய், மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். காரில் போக நமக்கு என்ன கஷ்டம்?

இரவு மச்சானே பேசினார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். மேட்டூர் கெம்பிளாஸ்ட் ஆலைக்கு வேதாரண்யத்தில் சொந்த உப்பளம் உண்டாம். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் டெல்டாவுக்குக் கிழக்கே போகிறது, கடற்கரை உப்பு மேற்கே போகிறது. நான் ஏதோ இரண்டு தனித்தனி ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவை உப்பே எடுத்தது. நிறைந்த அணையை ஆடியில் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் உப்பளம் வெறும் குளம். நந்தியைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இவளுக்கு அதில் இன்னும் வருத்தம்.

பிப்ரவரி 17, சனி

தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. வழியில் இரண்டு டீ. மதியத்துக்குள் வேதாரண்யத்தை ஒட்டிய அகத்தியம்பள்ளி. 2023இல்தான் இந்த வழியில் மறுபடி ரயில் விட்டார்கள், தண்டவாளத்தைக் கண்டதும் பையன், "ஏன் கார்ல வந்தோம்?" என்றான். நியாயமான கேள்வி. பதில் இல்லை.

உப்பளம் கண்ணைக் கூசவைக்கிறது. பாத்தியில் நின்ற பெரியவர் ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் காட்டினார். சூடு பார்க்க இல்லை, உப்பின் அடர்த்தி பார்க்க. கடல் தண்ணீர் மூணு டிகிரிதான் காட்டுமாம். பாத்தி பாத்தியாகக் காய்ந்து 25 டிகிரி வந்தால்தான் உப்பு பிடிக்கும். சீசன் ஆரம்பம் என்பதால் பாதிப் பாத்தியில் இன்னும் சேறு மிதிக்கும் வேலை. இன்னொரு பாத்தியில் ஒரு அம்மா நீளக் கழியில் கட்டிய பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுத்தார். சர்ரென்று, பொடிச் சரளையை வழிப்பது போன்ற சத்தம். முதலில் வருவது சாம்பல் நிறமாக இருக்கிறது. அதே தண்ணீரில் அலசியதும் வெள்ளை. அவருடைய குதிகாலில் பிளவு பிளவாக வெடிப்பு. "உப்புத் தண்ணி எரியாதாக்கா?" என்று இவள் கேட்டாள். "எரியும்தான். ரெண்டு நாளு எரியும், அப்புறம் மரத்துடும்."

வரப்பு என்று நினைத்துக் காலை வைத்தேன். செருப்பு சேற்றோடு போயிற்று. அந்த அம்மா பலகையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோடியக்கரை. வெளிமான்கள் கிட்டத்திலேயே மேய்ந்தன, மட்டக்குதிரைகளும் உண்டு. பூநாரைகள் மட்டும் தொலைவில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. பைனாகுலர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பையன் அரை மணி நேரம் பேசவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கி வந்தோம். ஒரு கிலோ மச்சானுக்கு என்று இவள் தனியாகக் கட்டிவைத்திருக்கிறாள். லாரி லாரியாக உப்பு போகிற ஊருக்கு நாம் ஒரு கிலோவா என்றேன். "அது மெஷினுக்கு, இது ஊறுகாய்க்கு" என்றாள்.

காலண்டரில் பார்த்தேன், ஆடிப்பெருக்கு சனிக்கிழமை வருகிறது. மச்சானிடம் சொல்லியாயிற்று.